பின்பக்கம் இல்லாத வீடு

நங்கூரப்பட்டணத்தில் வீடுகளின் பின்சுவர்கள் பேசும். முன்சுவர்கள் பேசுவதில்லை. அவற்றுக்குப் பெயின்ட் அடித்து, பித்தளையில் பேர் பதித்து, விருந்தாளி முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று பழக்கிவிட்டார்கள். பின்சுவருக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. ஊரின் முதுகை ஒட்டி வளைந்து வளைந்து போகும் காயலைப் பார்த்தபடி அது நிற்கும். அடுப்படிச் சண்டையையும் குளியலறைப் பாட்டையும் கேட்டுவைத்துக்கொண்டு, வந்து கேட்பவர்களுக்குச் சொல்லும்.

கேட்பதற்கு ஒரு முறை உண்டு. கல்யாணக் காரியமாக இருந்தால்தான் சுவர் வாயைத் திறக்கும். அதுவும் ஒற்றை ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் கயாக் படகில் போனால்தான். மோட்டார் படகின் சத்தம் கேட்டால், சோதனை போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஊமையாகிவிடும். வள்ளத்தில் போனால், மீன் விற்க வந்ததாக நினைத்து, "நேத்துக் கொழம்பே மிச்சம் கெடக்கு" என்று திருப்பி அனுப்பிவிடும். கயாக் ஒன்றுதான் தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்து, ஆளின் காதைச் சாக்கடைக் குழாயின் மட்டத்துக்குக் கொண்டுபோகும். முன்பெல்லாம் அத்தைமார் போய்க் கேட்டுவந்தார்கள். வரும் வழியிலேயே அவர்கள் உப்பும் புளியும் சேர்த்துவிடுகிறார்கள் என்பதால், இப்போது கல்யாணம் கட்டப்போகிறவர்களே போய்வருகிறார்கள்.

ஜெசிந்தா இதற்கு முன்பும் சில வீடுகளுக்குப் போய்வந்தவள். பஜாரில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பது அவள் வேலை. மாப்பிள்ளை தன் தலையணையை 'சார்' என்று கூப்பிடுகிறார் என்றது ஒரு சுவர். இன்னொரு சுவர் ஒன்றுமே சொல்லாமல் பெருமூச்சு மட்டும் விட்டது. அதுவே போதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் வீடு திரும்பி, "சரிப்பட்டு வராதும்மா" என்று சொல்லிவிட்டு நேராகக் குளியலறைக்குப் போய்விடுவாள்.

"குறை இல்லாத சுவரு உலகத்துலயே கெடையாது," என்றாள் அவள் அம்மா ரெஜினா, அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும். "இந்தத் தடவையாவது கேட்டுட்டு சிரிச்ச மொகமா வா. பையன் ஐஸ் கம்பெனியில மேனேஜர். பேரு கஸ்பார்."

"பேரு நல்லாத்தான் இருக்கு," என்றாள் ஜெசிந்தா.

"பேரச் சுவருட்ட கேக்காத. மத்ததக் கேளு."

கயாக் வாடகைக்குத் தரும் பர்னபாஸ், லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்துப் பூட்டிவிட்டு, எல்லோருக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னார். "சுவர மாமான்னு கூப்பிடணும். கல்யாணம் நடந்தாலும் நடக்காட்டாலும் முறை முறைதான். போன வாரம் ஒரு பிள்ள 'ஹலோ'ன்னு சொல்லிட்டு. சுவரு ஜன்னல அடச்சிட்டு. பொறவு, துடுப்பக் கொண்டு சுவர்ல இடிச்சிராத. இடிச்சா சம்மதமில்லன்னு அர்த்தம். பொய் மட்டும் சொல்லவே கூடாது, கயாக் கவுந்துரும்."

"தெரியும்ணே."

"தெரியும்னு சொன்னவங்கதான் கவுந்திருக்காங்க."

காயலில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா துடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நகரத்தின் முதுகை ஒட்டியே போனாள். சாலையில் போகும்போது பார்க்கும் நகரம் அல்ல இது. நகைக்கடையின் பின்புறத்தில் கோழிக்கூடு இருந்தது. பெரிய டாக்டர் வீட்டின் பின்கொடியில் எல்லாத் துணியிலும் ஒரு பொத்தான் குறைந்தது. கல்யாணக் காரியம் அவர்களோடு இல்லை என்பதால் அந்தச் சுவர்கள் அவளைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தன. ஒன்று மட்டும் லேசாகக் கனைத்தது.

கஸ்பாரின் வீடு இரண்டாவது வளைவில் இருந்தது. பின்சுவர் முழுக்கப் பாசி. நடுவில் அடுப்படி ஜன்னல். ஜெசிந்தா குழாயைப் பிடித்துக் கயாக்கை நிறுத்தினாள்.

"மாமா."

"யாரு, பொண்ணு வீடா?"

"ஆமா மாமா. பொண்ணே வந்திருக்கேன்."

"நல்லது. அத்தைமாரு வந்தா என்னப் பேசவே விடமாட்டாங்க. கேளு."

"அவருக்கு ஏதாவது கெட்ட பழக்கம் உண்டா?"

"பாவக்கா," என்றது சுவர்.

"அது எப்படி மாமா கெட்ட பழக்கம்?"

"அவங்கம்மா ஆசையா வச்சுக் குடுக்கும். இவன் தின்ன மாதிரி காட்டிட்டு ஜன்னல் வழியாக் கொட்டிருவான். பாதி என் மேல விழும், பாதி தண்ணியில. இந்தப் பக்கத்து மீனப் பாத்தியா?"

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். கயாக்குக்கு அடியில் போன மீன்கள் எல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டே போயின.

"கோபம்?"

"வராதுன்னு சொல்லுவான். நேத்து தண்ணித் தொட்டி முன்னால நின்னு உன்னையப் பாக்க வாரதுக்கு ஒத்திகை பாத்தான். 'எம்பேரு கஸ்பார், ஐஸ் கம்பெனியில இருக்கேன், எனக்குக் கோபமே வராது'ன்னு. கோபமேங்குற எடத்துல நாக்குத் தடுக்கிக்கிட்டே இருந்திச்சு. கடைசியில வாளிய ஒரு எத்து எத்திட்டான்."

"வாளி?"

"நெளிஞ்சிட்டு. கொஞ்சம் கழிச்சு வந்து அதத் தூக்கி மடியில வச்சு, நெளிஞ்ச எடத்தத் தடவிக் குடுத்தான்."

ஜெசிந்தா கடையில் கண்ணாடி வில்லைகளை மாற்றிப் போட்டுக் கேட்பதைப் போலவே கேட்டாள். "எத்தினது, தடவினது. இதுல எது மாமா தெளிவாத் தெரிஞ்சிச்சு? முதல்லதா, ரெண்டாவதா?"

சுவர் யோசித்தது. "ரெண்டாவது," என்றது.

அவளுக்கு மனசுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது. இதோடு புறப்பட்டிருக்கலாம். ஆனால் பதில் சொன்ன சுவருக்கும் ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டு. அதைக் கேட்காமல் அது விடாது.

"எனக்கு முன்னால ஒருத்தன் நிக்கானே, முன்சுவரு. நான் அவனப் பாத்ததே இல்ல. அவன் எப்படி இருக்கான்?"

ஜெசிந்தா கயாக் எடுக்கச் சாலையில் வந்த வழியில்தான் அந்த வீட்டின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பொய் சொன்னால் கயாக் கவிழும். அவளுக்கு நீச்சலும் சுமார்தான்.

"ரோஸ் கலர், மாமா."

"ரோஸா?"

"ஓரத்துல வெள்ளை. இப்பத்தான் அடிச்சிருக்காங்க போல."

 சுவரிலிருந்து ஒரு பிடி காரை பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது.

"எனக்கு இன்னும் வீடு கட்டுன அன்னைக்கு அடிச்ச சுண்ணாம்புதான்," என்றது சுவர். "கேட்டுக்கோ பிள்ள. கஸ்பாருக்கு ஒரு தங்கச்சி இருக்கா. நாளைக்கு அவளுக்காக எவன் எவனோ கயாக்குல வருவான். அவங்க எல்லார்ட்டயும் நான் அவ கதையச் சொல்லமாட்டேன். இந்த வீட்டுக்கு வாழ வந்தவ கதையத்தான் சொல்லுவேன். அவ சிரிச்சாலும் சொல்லுவேன், மூக்கச் சிந்தினாலும் சொல்லுவேன்."

ஜெசிந்தா துடுப்பைத் தூக்கினாள். இடிக்கவில்லை. தூக்கிய துடுப்பைத் தண்ணீரில் போட்டுக் கயாக்கைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது அவளுக்குப் பாதையே மனதில் பதியவில்லை. ஆளைப் பிடித்திருக்கிறது, சுவரைப் பிடிக்கவில்லை. இப்படி ஒன்று அவளுக்கு இதுவரை நேர்ந்ததில்லை. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மீன் சந்தை வளைவில் திரும்பியவள், சட்டென்று துடுப்பை நிறுத்தினாள்.

அவளுடைய வீட்டின் பின்னால் ஒரு கயாக் நின்றது. அதில் ஒரு ஆள் அவளுடைய அடுப்படிக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. அம்மா காட்டிய போட்டோவில் தலைமுடி இன்னும் கொஞ்சம் இருந்தது, அவ்வளவுதான்.

பக்கத்தில் கட்டிக் கிடந்த ஒரு வள்ளத்தின் மறைவுக்குள் ஜெசிந்தா நழுவிக்கொண்டாள். அவள் வீட்டுப் பின்சுவர் பூச்சு இல்லாத செங்கல் சுவர். அது இப்படிப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு யாரோடும் பேசி அவள் பார்த்ததில்லை.

"கோயில்ல நோவேனா ஜெபத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு பீச்சுல உக்காந்து சுண்டல் திம்பா," என்றது சுவர். "பால் பவுடர கரண்டியோட வாயில போட்டுக்கிடுவா. அப்ப யாராவது கூப்பிட்டா, 'ம்'முன்னு மட்டும் சொல்லுவா."

"சரி மாமா," என்றான் கஸ்பார், மரியாதையாக.

"அழுவா. குழாயத் திறந்து விட்டுட்டு அழுவா. குடம் நெறையுற வரைக்கும்."

"எதுக்கு மாமா?"

"அது எனக்குத் தெரியாது. தண்ணிச் சத்தத்துல கேக்காது. அப்புறம் போன மாப்பிள்ளைய ஏன் வேண்டாம்னா தெரியுமா? அவனுக்குக் கால்ல ஆறு வெரல்."

"அது பொய்!" என்றாள் ஜெசிந்தா, வள்ளத்துக்குப் பின்னாலிருந்து.

சுவர், "பாத்தியா, கோபமும் உண்டுன்னு இப்பத்தான் சொல்ல வாயெடுத்தேன்," என்றது.

அவள் மறைவைவிட்டு வெளியே வந்தாள். இனி மறைந்து என்ன பிரயோஜனம்? "ஆறு வெரல் இருந்ததுக்காக இல்ல," என்று கஸ்பாரைப் பார்த்துச் சொன்னாள். "பாக்க வந்த எடத்துல செருப்பக் கழத்தி, எல்லாருக்கும் எண்ணிக் காட்டினாரு. அதுக்காக."

கஸ்பார் தன் கால்களைக் கயாக்குக்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டான். "வணக்கம்," என்றான். "எம்பேரு கஸ்பார். ஐஸ் கம்பெனியில இருக்கேன்."

அடுத்த வாக்கியம் என்ன என்று அவளுக்குத் தெரியும். காத்திருந்தாள்.

"எனக்குக் கோபம் வரும்," என்றான் அவன். நாக்கு தடுக்கவே இல்லை.

"எனக்கு அழுகை வரும்," என்றாள் அவள்.

அவன் அடுப்படிக் குழாயைப் பார்த்தான். "குடம் நெறையுற வரைக்கும்னு சொன்னாங்க. உங்க தெருவுல அவ்வளவு நேரமா தண்ணி வருது?"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்த சிரிப்பில் கயாக் ஆடி, கவிழப் பார்த்தது. அவன் எட்டி அதன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். அவளுடைய அழுகையைப் பற்றி இதுவரை யாரும் கேட்ட கேள்விகளிலேயே பதில் சொல்லக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான்.

"காலையில மட்டும் வரும்," என்றாள். "அதனாலதான் சாயங்காலத்துல எல்லாத்தையும் அடக்கி வச்சிருப்பேன்."

"பேசுங்க, பேசுங்க," என்றது சுவர். "நான் கேக்கவே இல்ல." சொல்லிவிட்டு அது அமைதியானது. குளியலறை ஜன்னல் மட்டும் மெதுவாக இன்னும் கொஞ்சம் திறந்துகொண்டது.

இருவரும் குழாயை விட்டுவிட்டுக் காயலின் நடுவுக்குப் போனார்கள். அங்கே அவள் அவன் வீட்டுச் சுவர் சொன்னதைச் சொன்னாள். பாகற்காய், வாளி, ரோஸ் கலர், வாழ வருகிறவளின் கதை, எல்லாவற்றையும். கஸ்பார் பாகற்காய் வரும் இடத்தில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பின்சுவருக்கும் பெயின்ட் அடிச்சிருவோமா?" என்றான்.

"அடிச்சா அது முன்சுவரு ஆயிரும். பொறவு வீட்டுக்கு ரெண்டு முன்பக்கம் ஆயிரும். யாரு எந்தப் பக்கம் வருவாங்கன்னு சொல்ல முடியாது."

"உங்க வீட்டுல இருந்தா?"

"எங்க வீட்டச் சுத்தி எத்தனை பேரு கல்யாணத்துக்கு இருக்காங்க தெரியுமா? எங்க சுவருக்கு அடுத்த வீட்டுக் கதையும் அத்துப்படி. அவங்களக் கேட்டு வாரவங்கள்ட்ட எல்லாம் அது நம்ம கதையச் சொல்லும்."

அப்போது இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. பின்பக்கம் இல்லாத ஒரு வீடு வேண்டும். கல்யாணத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை. வீடு தேடிக் கிளம்பிவிட்டார்கள்.

நகரத்தின் நீர்முகம் முழுவதையும் அன்று அவர்கள் பார்த்தார்கள். பழைய சினிமாக் கொட்டகையின் மாடியில் ஒரு போர்ஷன் காலியாக இருந்தது. அதன் பின்சுவர் எதையும் இடைவேளைக்குப் பிறகிலிருந்துதான் சொல்லும். முதல் பாதியைக் கேட்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டும் என்பதால் அது இன்னும் ஆபத்து என்றாள் ஜெசிந்தா. கோயிலின் பின்சுவர் எதைக் கேட்டாலும் வெளியே சொல்லாது. பாவங்களைப் பாதிரியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டுப் பழகிய சுவர். ஆனால் அடிக்கடி, "ம், அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அதோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது? கஸ்பாரின் ஐஸ் கம்பெனியில் பின்சுவர் பேசிய வார்த்தைகள் வாயைவிட்டு வந்ததும் உறைந்து, கட்டி கட்டியாகத் தண்ணீரில் மிதந்தன. "இது பரவாயில்லயே," என்றாள் ஜெசிந்தா. "கட்டியெல்லாம் சந்தைக்குப் போகுது," என்றான் கஸ்பார். "மீன்காரங்க வெட்டுற நேரம் உருகி எல்லாம் கேட்டுரும்." பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றுக்கு முன்பக்கமே இல்லாமல் நாலு பக்கமும் பின்பக்கமாக இருந்தது. நாலும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்ததால் அதன் பக்கமே போகவில்லை.

வெயில் தாழ்ந்தது. ஜெசிந்தாவின் தோள் வலித்தது. பேசாமல் அவன் தன் கயாக்கின் பின்கயிற்றை அவளிடம் நீட்டினான். கொஞ்ச தூரம் அவன் இழுக்க அவள் போனாள். பிறகு அவளே கயிற்றை அவிழ்த்துவிட்டு, "இப்ப நான் இழுக்கேன்," என்றாள். இப்படி மாறி மாறி இழுத்துக்கொண்டு காயல் கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு வந்துவிட்டார்கள். அதற்கு மேல் நகரம் இல்லை. கலங்கரை விளக்கம் மட்டும் பாறைமேல் நின்றது.

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"நீங்க இந்தப் பக்கமாப் போங்க," என்றாள் ஜெசிந்தா. "நான் அந்தப் பக்கமா வாரேன்."

அவன் இடமாகவும் அவள் வலமாகவும் பாறையைச் சுற்றினார்கள். சந்தித்தார்கள். மறுபடி சுற்றினார்கள். சந்தித்த இடமெல்லாம் முன்பக்கமாகவே இருந்தது.

"வட்டம்," என்றான் கஸ்பார்.

"வட்டத்துக்கு முதுகு கெடையாது," என்றாள் அவள். சந்தேகம் தீர, "மாமா!" என்று ஒரு தடவை கூப்பிட்டும் பார்த்தாள். பதில் இல்லை. அலைச் சத்தம்தான் கேட்டது.

மேலே கைப்பிடிக் கம்பியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். அவள்தான் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் சூசன்னா. "யாரத் தேடுதீங்க?"

"வீடு ஏதும் வாடகைக்கு இருக்காக்கா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"நடு மாடி காலியாத்தான் கெடக்கு. குடும்பமா இருந்தாத்தான் குடுப்போம். நீங்க குடும்பமா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொய் சொன்னால் கயாக் கவிழும் என்பது சுவர்களுக்கு மட்டும்தானா, கலங்கரை விளக்கத்துக்கும் உண்டா என்று பர்னபாஸ் சொல்லியிருக்கவில்லை. கஸ்பார் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டான்.

"ஆமாக்கா," என்றாள் ஜெசிந்தா.

இரண்டு கயாக்கும் அசையாமல் நின்றன. இருவரும் குனிந்து அடியில் பார்த்துக்கொண்டார்கள். பிறகுதான் கஸ்பார் மூச்சு விட்டான்.

இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசியபோது மாப்பிள்ளையையோ பெண்ணையோ பற்றி யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. சிக்கலெல்லாம் வீட்டைப் பற்றித்தான். "பின்பக்கம் இல்லாத வீட்டுல குப்பைய எங்க கொட்டுவ?" என்று ரெஜினா கேட்டாள். "வட்டமான ரூமுக்குள்ள பீரோவ எங்க ஒட்டி வைக்கது?" என்று கஸ்பாரின் அம்மா கேட்டாள். கேட்டுவிட்டு, சீர்வரிசையில் பாகற்காய் கொடி ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள். கம்பியில் நன்றாகப் படரும் என்றாள். பீரோ வட்டத்தின் நடுவில் வைக்கப்பட்டது. அதைச் சுற்றி வந்துதான் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அது இருவருக்கும் பிடித்திருந்தது.

கல்யாணம் முடிந்த முதல் வெள்ளிக்கிழமை, பொழுது சாய்கிற நேரத்தில், ஜெசிந்தா படியில் ஏறி வந்துகொண்டிருந்தாள். மேலேயிருந்து, கப்பல்களுக்கு வெளிச்சம் காட்டும் விளக்கு ஒரு சின்னப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தது. படி குறுகல். அவள் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டாள். அது தலையசைத்துவிட்டுப் போனது.

பின்னாலேயே சூசன்னா வந்தாள். "வெள்ளிக்கிழமையானா அது தாய் வீட்டுக்குப் போயிரும். காலையில வந்துரும். இந்த வாரம் அதுக்குப் பதிலா நிக்கது உங்க மொறை."

"எந்தப் பக்கமாச் சுத்தணும்க்கா?"

"வலப் பக்கமா. மெதுவா."

ஜெசிந்தா மேலே போய், கண்ணாடி அறையின் நடுவில் நின்று, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தாள். அவள் முகத்திலிருந்து விழுந்த ஒளியில் முதலில் கைப்பிடிக் கம்பி வெளிச்சமாயிற்று, பிறகு பாறை, பிறகு தண்ணீர். தூரத்தில் வந்துகொண்டிருந்த உப்புக் கப்பலிலிருந்து வயர்லெஸ்ஸில் ஒரு குரல் கேட்டது. "வெளிச்சம் நல்லா இருக்கும்மா. கொஞ்சம் தாழ்த்துங்க." அவள் முகவாயைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள்.

சற்றுநேரத்தில் கஸ்பார் தட்டில் சாப்பாடு எடுத்துக்கொண்டு படியேறி வந்து, தட்டைப் பக்கத்தில் வைத்தான். அவள் அவன் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு, மறு கையால் ஒவ்வொரு வாயாக ஊட்டிவிட்டான்.